நார்மல் என்று எழுதிய குழாய்

ஆய்வகத்தின் உறைபெட்டியில், மேல்தட்டின் இடது மூலையில், ஒரு சின்னக் குழாய் எப்போதும் இருக்கும். மற்ற குழாய்களில் எல்லாம் எண்கள். இதில் மட்டும் நீல மையில் 'நார்மல்' என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பது அங்கே ஆராய்ச்சி செய்கிறவளின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மரபணு. அதனால் அவளுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. காபி எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "நார்மல் மேடம் வந்தாச்சா?" என்று கேட்பார்கள். முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொள்வாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்குக் குஷிதான். ஊரில் யாரைப் பிடித்து இப்படி முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள்?

ஆய்வகம் ஒரு கண் மருத்துவமனையின் பின்கட்டில் இருந்தது. அவள் ஆராய்ந்தது கண்ணின் வில்லையில் இருக்கும் ஒரே ஒரு புரதத்தை. வில்லைக்குள் ரத்தக்குழாய் கிடையாது. இருந்தால் அது தெளிவாக இருக்க முடியாது. அப்படியானால் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் செல்களுக்குத் தண்ணீர் எப்படிப் போகும்? ஒவ்வொரு செல்லின் சுவரிலும் இந்தப் புரதம் மதகு மாதிரி உட்கார்ந்து தண்ணீரை மட்டும் விடும், வேறு எதையும் விடாது. பக்கத்துச் செல்லையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வில்லையின் நடுவில் இருக்கும் மதகுகள் நாம் தாயின் வயிற்றில் இருக்கும்போது வைத்தவை. அவைதாம் கடைசிவரைக்கும். பழுது பார்க்க ஆள் வராது. மதகில் கோளாறு என்றால் வில்லை மங்கும். பிறக்கும்போதே மங்கியிருந்தால் அது பிறவிக் கண்புரை.

அப்படிப் பிறந்த குழந்தைகளின் ரத்தமும் அவர்களுடைய பெற்றோரின் ரத்தமும் அவளிடம் வரும். மரபணுவில் எங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று கணினி தேடிக் கொடுக்கும். ஆனால் மாறிய எழுத்தெல்லாம் கெட்ட எழுத்து இல்லை. ஒவ்வொரு மனிதனுக்கும் அங்கங்கே ஆயிரம் மாறியிருக்கும், ஒன்றும் ஆகாது. அதனால் நல்ல கண் உள்ள ஒருவரின் ரத்தத்தோடு ஒப்பிட்டு, அவரிடமும் இருப்பதைத் தீங்கில்லாதது என்று கழித்துவிடுவார்கள். ஆய்வகம் தொடங்கிய முதல் நாள், நல்ல கண்ணுக்கு ஆள் தேட வேண்டும் என்று யாரோ சொன்னபோது, அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஆள் எதுக்குத் தேடணும்? நான் இதுவரைக்கும் கண்ணாடி போட்டதில்ல. என்னுதையே எடுங்க." எல்லா அறிக்கையிலும் 'உரிய பரிசோதனைக்குப் பின்' என்று எழுதுகிற அந்த இடத்தில், அவளுடைய கண்ணை மட்டும் யாரும் பரிசோதிக்கவில்லை. அவளைச் சிபாரிசு செய்தவள் அவளேதான்.

கேட்டால் இன்னொன்றும் சொல்லியிருப்பாள். கூட்டங்களில் பேசக் கூப்பிட்டால் இப்படித்தான் ஆரம்பிப்பாள்: "என் அப்பா வெல்டர். முகமூடி போடாம வேலை செஞ்சதால நாப்பது வயசுலயே ரெண்டு கண்ணுலயும் புரை வந்துடுச்சு. அதனாலதான் நான் இந்தத் துறைக்கு வந்தேன்." அரங்கம் உருகிப்போகும். கைதட்டும்.

*

ஒரு நாள் ஒரு பேக்கரியின் வேன் ஓட்டுநர் மனைவியோடும் நாலு வயது மகளோடும் முடிவு கேட்க வந்திருந்தார். அந்தச் சிறுமிக்குப் பிறந்தபோதே இரண்டு கண்ணிலும் புரை. வீட்டில் யாரும் அதைக் கவனிக்காததால், ஒரு வயதை நெருங்கும்போதுதான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளும் காலம் பாதி போய்விட்டது. புரையை எடுத்த பிறகும் பார்வை முழுசாக வரவில்லை. கனத்த கண்ணாடியோடு, எதைப் பார்த்தாலும் முகத்தை அதன்மேல் வைத்துத்தான் பார்ப்பாள். அன்றைக்கு நார்மல் மேடத்தின் வெள்ளைக் கோட்டில் மூக்கை வைத்து, "ஆன்ட்டி, உங்களுக்கு ஒரு பட்டன் இல்ல," என்றாள்.

ஓட்டுநரின் மனைவி நிறைமாதத்துக்குக் கிட்டத்தில் இருந்தாள். உட்கார்ந்ததும் கேட்டுவிட்டாள்.

"மேடம், வயித்துல இருக்கறதுக்கும் இது வருமா? எனக்கு அது மட்டும் தெரியணும்."

"வராது," என்றாள் அவள். "பாப்பாவோட ரத்தம், உங்க ரெண்டு பேரோட ரத்தம், எல்லாம் பாத்தாச்சு. மரபணுல கோளாறு எதுவும் இல்ல. தைரியமா இருங்க."

ஓட்டுநர் பெருமூச்சு விட்டார். "அப்போ என் பக்கத்துலேர்ந்து எதுவும் இல்லயா மேடம்? எங்கம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"இல்லவே இல்ல."

"அப்போ எதனால வந்துச்சு?" என்று கேட்டாள் மனைவி.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை அவளுக்கு எப்போதும் கொஞ்சம் கசக்கும். "பாப்பா வயித்துல இருக்கறப்போ காய்ச்சல் வந்துச்சுன்னு சொன்னீங்கல்ல. அந்த மாதிரி ஏதாவது இருக்கும்."

மனைவியின் முகம் விழுந்துவிட்டது. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். ஓட்டுநர் அவளைப் பார்க்காமல் சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்தார்.

அவருடைய கோப்பில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்து, வில்லையைப் பார்த்திருக்க வேண்டும். "சொட்டு விட்டா கொஞ்ச நேரம் மங்கலா இருக்கும்னாங்க. எனக்கு டெலிவரி இருக்கு, வண்டிய எடுக்கணும்," என்று அவர் ஒவ்வொரு முறையும் நழுவியிருந்தார். "பரவால்ல, ரத்தமே போதும்," என்று அவள் விட்டுவிட்டாள். நுண்நோக்கி வேலை கெட்டுப்போகும் என்று அவளும் தன் கண்ணில் ஒரு நாளும் சொட்டு விட்டுக்கொண்டதில்லை. இதில் மட்டும் இருவருக்கும் நல்ல ஒற்றுமை.

*

அடுத்த வாரம் மருத்துவமனைக்குப் புதிதாக ஒரு கருவி வந்தது. வில்லையைக் குறுக்காக வெட்டினாற்போல ஒளிக்கீற்றில் காட்டி, பெரிய திரையில் படமாகப் போடும். விற்பனையாளர் கழுத்துப்பட்டை எல்லாம் கட்டிக்கொண்டு வந்து, "காட்டறதுக்கு ஒரு நல்ல கண்ணு வேணும்," என்றார்.

"எங்ககிட்ட லேபிள் ஒட்டினதே ஒன்னு இருக்கு," என்றாள் கண் டாக்டர். படிக்கிற காலத்தில் அவளோடு விடுதியில் ஒரே அறையில் இருந்தவள். வாயைத் திறந்தால் நக்கல்தான். எல்லோரும் சிரித்தார்கள். நார்மல் மேடமும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்து, சொட்டு விட்டுக்கொண்டு, கருவியின் மேல் தாடையை வைத்தாள்.

டாக்டர் வழக்கம்போல ஏதோ கிண்டலாகச் சொல்லிக்கொண்டே குனிந்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"உனக்கு வெயில்ல கண்ணு ரொம்பக் கூசுமா?"

"யாருக்குத்தான் கூசாது?"

"எதிர்ல வர்ற வண்டியோட லைட்டு?"

"நான்தான் வண்டியே ஓட்டறதில்லயே."

"ஏன் ஓட்டறதில்ல?"

பிடிக்காது என்று நினைத்திருந்தாள். ஏன் பிடிக்காது என்று யோசித்ததில்லை.

சொட்டு மருந்தால் கிட்டத்தில் எல்லாம் கலங்கித் தெரிந்தது. எழுந்து அறையின் மறுகோடிக்குப் போய் நின்று திரையைப் பார்த்தாள். அவளுடைய வில்லை. நடுவில், சலித்த மாவை ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினாற்போல, பொடிப் பொடியாகப் புள்ளிகள். இரண்டு கண்ணிலும். வேறு யாருக்கு அது என்னவென்று தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். இதே மாதிரிப் படங்களை அம்புக்குறி போட்டு மாணவர்களுக்குக் காட்டியவள். மதகில் பிறவிக் கோளாறு இருந்தால் சிலருக்குச் சுவர் மாதிரி அடைத்துக்கொள்ளும், சிலருக்கு வெறும் தூசியாக நின்றுவிடும், தூசியாக இருப்பவர்கள் தங்களுக்கு எதுவும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவளுடைய பாடத்தில் வரும் வரி.

விற்பனையாளர் பாவம், தன் கருவியில்தான் அழுக்கு என்று நினைத்துத் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

கண் தெளிந்ததும் அவள் கணினியைத் திறந்தாள். கழித்துப் போட்ட எழுத்துகள் ஒரு தனி மூட்டையாகக் கிடக்கும். யாரும் திறந்து பார்க்காத மூட்டை. அந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருந்தது. வேன் ஓட்டுநரிடம் இருந்தது. அவருடைய மகளிடம் இருந்தது. மனைவியிடம் இல்லை. பக்கத்திலேயே கணினி குறிப்பு எழுதியிருந்தது: நார்மலிலும் உண்டு, தீங்கில்லை.

அவளுடைய காது மடல்கள் சுட்டன. அறையில் யாரும் இல்லை. இருந்தும் திரையைச் சட்டென்று அணைத்தாள்.

*

அப்பா இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளி. புரை எடுத்த பிறகு வெல்டிங் பக்கமே போகவில்லை. போனால் அம்மா வீட்டை இரண்டாக்கிவிடுவாள். "முகமூடிய மாட்டித் தொலைங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாரா இந்த மனுஷன்?" என்பது அந்த வீட்டில் தினமும் ஒலிக்கும் வசனம். சோறு ஆறிப்போனாலும் அந்த வசனம்தான், மின்சாரம் போனாலும் அதுதான். அப்பா வாயே திறக்க மாட்டார்.

சர்க்கரை பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி அவரிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். முடிவு வந்த அன்று மதியம் நேராக அந்த வாசலுக்குப் போனாள். அப்பா தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் உட்காரவில்லை.

"அப்பா, உங்க கண்ணு கெட்டது வெல்டிங்கால இல்ல."

"ம்?"

"பொறக்கும்போதே இருந்திருக்கு. ரத்தத்துலயே இருக்கு. எனக்கும் உங்ககிட்டேர்ந்து வந்திருக்கு."

ஒரு கார் வந்தது. அப்பா போய்க் கதவைத் திறந்துவிட்டு, சலாம் வைத்துவிட்டு, மறுபடி மூடிவிட்டு வந்தார். அதற்குள் அவருடைய முகம் எப்படியோ ஆகியிருந்தது.

"நான் ஒரு நாள்கூட முகமூடி இல்லாம பத்த வச்சதில்லம்மா," என்றார். "சொன்னா நம்ப மாட்டேன்னா உங்கம்மா. டாக்டரும் வெல்டிங்தான்னு சொல்லிட்டாரு. சரி, எப்பவாவது மறந்திருப்பேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எத்தனை மேடையில் இந்த மனிதரை முகமூடி போடாத ஆளாக நிறுத்தியிருக்கிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவரிடம் கேட்டிருக்கலாம். அவருடைய மகள் என்பதற்காக இல்லாவிட்டாலும் ஆராய்ச்சி செய்கிறவள் என்பதற்காகவாவது.

"மன்னிச்சிடுங்கப்பா."

"நீ என்ன பண்ணுவ? விடு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதை உங்கம்மாகிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா எடுபடாது. அது கெடக்கட்டும், உனக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

*

அப்பாவின் முடிவைத் தெரிந்துகொண்ட அன்றைக்கே கண் டாக்டர் கேட்டாள். "அந்த வேன்காரரோட வீட்டுல எப்போ டேட்டு?"

"இந்த மாசக் கடைசி."

"சொல்லிடு. இப்பவே. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. பொறந்த உடனே கண்ணப் பாக்கணும்."

"முட்டை முடியட்டும்டி. உறுதியில்லாம சொன்னா பயந்துடுவாங்க."

உறுதியில்லாமல் 'வராது' என்று சொன்னபோது இந்த அக்கறை எங்கே போயிருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. டாக்டர் கேட்கவில்லை. சிநேகிதி என்றால் சில சமயம் இதுதான் தொல்லை.

முட்டை என்பது தவளை முட்டை. ஒரு புரதம் தண்ணீரை விடுகிறதா என்று பார்க்க இவர்கள் செய்யும் வேலை அது. புரதத்தின் செய்முறையை ஊசியால் முட்டைக்குள் ஏற்றிவிட்டால் முட்டை அந்த மதகைத் தன் சுவரில் தானே கட்டிக்கொள்ளும். பிறகு உப்புக் குறைந்த தண்ணீரில் போட வேண்டும். மதகு வேலை செய்தால் முட்டை உப்பும், கடைசியில் வெடிக்கும். வேலை செய்யாவிட்டால் அப்படியே கிடக்கும். முதல் தொகுதி முட்டைகள் ஊசி போட்டதுமே கெட்டுப்போயின. அவளுக்கு அதில் ஒரு சின்ன நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை உணர்ந்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. இருந்தாலும் இரண்டாவது தொகுதிக்குச் சொல்லி அனுப்பினாள். ஓட்டுநரைத் தொலைபேசியில் கூப்பிடவில்லை. பிரசவம் வழக்கமாகத் தள்ளித்தான் போகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நார்மல் மேடம் என்று யாராவது கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி நடந்துபோனாள்.

இரண்டாவது தொகுதியை ஒரு காலையில் தண்ணீரில் போட்டார்கள். சரியான புரதம் ஏற்றியவை மெல்ல உப்பி, தோல் விறைத்து, ஒவ்வொன்றாக உடைந்தன. அவளுடைய எழுத்தை ஏற்றியவை கடுகு மாதிரிக் கிடந்தன. எவ்வளவு நேரம் பார்த்தாலும் கிடந்தன. இனிமேல் சாக்கு எதுவும் மீதி இல்லை.

நுண்நோக்கியிலிருந்து அவள் தலையைத் தூக்கியபோது வாசலில் வேன் ஓட்டுநர் நின்றிருந்தார். கையில் பெரிய அட்டைப் பெட்டி. முகமெல்லாம் பல்.

"பையன் பொறந்திருக்கான் மேடம்! முந்தாநாள். கொஞ்சம் முன்னாடியே வந்துட்டான். மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லணும்னு இருந்தேன். நீங்க குடுத்த தைரியம்தான் மேடம். இல்லன்னா கடைசி வரைக்கும் பயத்துலயே இருந்திருப்போம்."

பெட்டிக்குள் கேக். மேலே நீலக் கிரீமில் ஒரு தொட்டில். ஆய்வகமே கூடிவிட்டது. யாரோ கத்தி கொண்டுவந்தார்கள். "நார்மல் மேடம்தான் வெட்டணும்," என்றார்கள். வெட்டினாள். ஓட்டுநர் ஒரு துண்டை எடுத்து அவளிடமே நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். சொல்ல வேண்டிய வாயில் கேக்கை வைத்துக்கொண்டு, மென்று, விழுங்கி, "நல்லா இருக்கு," என்றாள். அறையின் மூலையில் கண் டாக்டர் தன் தட்டைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர் விடைபெற்றுக்கொண்டு வெளியே போனார். சன்னல் வழியாக அவர் வெயிலில் இறங்குவது தெரிந்தது. இறங்கியதும் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் கண்ணை மறைத்துக்கொண்டார். அப்பா வாசல் கதவைத் திறக்கும்போது அப்படித்தான் கையைத் தூக்குவார். சலாம் என்று இவ்வளவு காலமும் அவள் நினைத்திருந்தது பாதி அதுதான். அவளும் தினமும் பேருந்து நிறுத்தத்தில் அப்படித்தான் நிற்கிறாள்.

கேக் தட்டைக் கீழே வைத்தாள். "வா," என்றாள் டாக்டரிடம். "கண் பாக்கறதையெல்லாம் எடுத்துக்கோ." கோட்டோடு ஓடினாள்.

*

வேனின் முன்னிருக்கையில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். பின்னால் ரொட்டித் தட்டுகள் ஆடிக்கொண்டு வந்தன. "குழந்தைய ஒரு தடவ பாத்துடலாம்," என்று மட்டும் சொல்லியிருந்தாள். "எவ்ளோ அக்கற மேடம் உங்களுக்கு," என்றார் ஓட்டுநர். அவள் கூனிக் குறுகி வெளியே பார்த்தாள். திருப்பத்தில் வெயில் நேராக முகத்தில் அடித்தபோது, ஓட்டுநரும் அவளும் ஒரே சமயத்தில் தலைக்கு மேல் இருந்த மறைப்பை இழுத்துவிட்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரசவ விடுதியில் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சிறுமி கட்டிலில் ஏறி, தம்பியின் முகத்தில் மூக்கை வைத்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, குழந்தையின் இமையைப் பிரித்து, கருவியின் வெளிச்சத்தை உள்ளே விட்டாள். நல்ல கண்ணாக இருந்தால் கண்மணிக்குள் செக்கச்செவேல் என்று தெரிய வேண்டும். வலது கண்ணைப் பார்த்தாள். இடது கண்ணைப் பார்த்தாள். மறுபடி வலது கண்ணுக்குப் போனாள்.

"ரெண்டுலயும் இருக்கு," என்றாள். "ஆனா சீக்கிரம் பாத்துட்டோம். இன்னும் சில வாரத்துல ஆபரேஷன் பண்ணிடலாம். அக்காவுக்கு ஆன மாதிரி ஆகாது."

ஓட்டுநர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நீங்க வராதுன்னு சொன்னீங்களே மேடம்."

"தப்பா சொல்லிட்டேன். மரபணுலதான் இருக்கு. உங்ககிட்டேர்ந்து பிள்ளைங்களுக்கு வந்திருக்கு. உங்க கண்ணுலயும் லேசா இருக்கும்."

அவர் கட்டிலின் கால்மாட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவியைப் பார்க்கவில்லை. "என்னாலயா?" என்றார். "நான்தானா?"

புதிதாகத் தகவல் வந்தது என்று சொல்லி முடித்துவிடலாம் என்று வரும் வழியெல்லாம் வாக்கியம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள். நல்ல வாக்கியம். அதில் அவள் எங்குமே இல்லை. அந்த மனிதர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அதைக் கைவிட்டாள்.

"எனக்கும் இருக்கு," என்றாள். "அதே பிழை. எங்கப்பாகிட்டேர்ந்து எனக்கு வந்திருக்கு. எங்க ஆய்வகத்துல என் ரத்தத்தத்தான் நல்ல ரத்தம்னு வச்சு எல்லாரோடதையும் ஒப்பிட்டுப் பாத்தோம். என் கண்ண நான் பரிசோதிக்கவே இல்ல. என்கிட்ட இருக்கறது எல்லாம் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சு, உங்ககிட்ட அது இருந்ததையும் கழிச்சுப் போட்டுட்டேன். பிழை உங்களோடது இல்ல. யாருக்கும் தெரிஞ்சு வர்றதில்ல அது. அதக் கண்டுபிடிக்காம விட்டது நான்."

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்போது கேட்டாள். "அப்போ எனக்கு வந்த காய்ச்சலால இல்லயா?"

"இல்ல. உங்களுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

"உங்களுக்கு இது எப்போ தெரிஞ்சுது?"

அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். டாக்டர் தரையைப் பார்த்தாள்.

"நீங்க வந்துட்டுப் போன அடுத்த வாரமே தெரியும். சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஏதேதோ சாக்கு சொல்லித் தள்ளிப் போட்டேன்."

"இவரு இன்னைக்குக் கேக்கு கொண்டாந்தாரே. சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன்."

மனைவி தலையை ஆட்டினாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. மளிகைக்கடைக்காரர் எடை போடும்போது முள்ளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தாள். கத்தியிருந்தாலாவது தாங்கிக்கொண்டிருக்கலாம். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது அவளுக்கு.

அப்போது திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஓட்டுநரின் அம்மா உள்ளே வந்தார். கையில் வெந்நீர்ப் புட்டி. வெள்ளைக் கோட்டுகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"டாக்டருங்களா? பேரனோட கண்ணு நல்லா இருக்கில்ல? இந்தத் தடவ இவள நான் வெளியவே விடல. போன தடவ மாதிரி காய்ச்சலக் கீய்ச்சல இழுத்துக்கிட்டு வந்தான்னா? ஒரு பொண்ணோட கண்ணக் கெடுத்தது போதாதா?"

ஓட்டுநர் "அம்மா..." என்று ஆரம்பித்தார். மனைவி அவரைக் கையால் நிறுத்தினாள்.

"நீங்க இருங்க," என்றாள். பிறகு நார்மல் மேடத்தின் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க மேடம். என்கிட்ட சொன்ன மாதிரியே. மொதல்லேர்ந்து சொல்லுங்க."

கோட்டில் பட்டன் இல்லாத இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு அவள் அந்த அம்மாளின் எதிரில் வந்து நின்றாள். எத்தனையோ மேடையில் பேசியவள்தான். தொண்டையைச் செருமினாள்.

"அம்மா, உங்க மருமக மேல எந்தத் தப்பும் இல்ல," என்றாள்.

"கேக்கல," என்றாள் மருமகள், குழந்தையை மடிக்கு எடுத்துக்கொண்டே. "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."